“எல்லா டொக்டரும் சொல்லுறாங்க” என்றால் போதுமா? ஊசிக்குத் தயங்குகிறவர்களுடன் பேசுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் தாய்மார் ஆதரவுக் குழுக் கூட்டங்களிலும் பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களிலும் தடுப்பூசிப் பேச்சு வந்தால் இரண்டு விதமானவர்கள் என்னிடம் வருவார்கள். ஊசிக்குப் பயந்தவர்கள் ஒரு பக்கம், பயந்தவரைச் சம்மதிக்க வைக்கப் பாடுபடுகிறவர்கள் மறுபக்கம். இரண்டாம் பக்கத்தார் கையில் எடுக்கும் முதல் ஆயுதம், “எல்லா டொக்டரும் இதைத்தான் சொல்லுறாங்க” என்பது. அது சில இடங்களில் நன்றாக வேலை செய்கிறது. சில இடங்களில் இருக்கிற நம்பிக்கையையும் கெடுத்துவிடுகிறது. எது எங்கே என்பதற்காகத்தான் இந்தப் பக்கம்.

நான் வைத்தியர் இல்லை. உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒவ்வாமை, பழைய நோய் ஏதும் இருந்தால் கேட்கவேண்டிய இடம் உங்கள் மிட்வைஃப் மிஸ் அல்லது எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம்.

“நிபுணர்கள் ஒத்துக்கொள்ளுறாங்க எண்டு சொல்லுறீங்க. அதை ஆர் எண்ணிப் பார்த்தது?”

இரண்டு வழியில் தெரியவரும். ஒன்று, வைத்தியர்களிடமே நேரடியாகக் கேட்டு எண்ணுவது. அப்படி எண்ணிய ஒரு நாட்டைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன். மற்றது, ஒரே கேள்வியைத் தனித்தனி நாடுகளில், தனித்தனிப் பணத்தில், ஒருவரை ஒருவர் அறியாத குழுக்கள் ஆராய்ந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்வது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர் ஊசியால் ஓட்டிசம் (மதியிறுக்கம்) வருமா என்ற கேள்வி அப்படித்தான் தீர்ந்தது. டென்மார்க்கில் மட்டும் 6,57,461 பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2019ல் வெளியிட்டார்கள். ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. அதற்கு முன்பே வேறு நாடுகளில் வந்த முடிவும் அதுதான்.

மண்டபத்தில் கைதூக்கி எடுத்த வாக்கெடுப்பு என்று இதை நினைக்க வேண்டாம். கைதூக்கியவர்களை வாங்கலாம். இத்தனை நாட்டுப் பதிவேடுகளை வாங்குவது கடினம்.

“அப்பிடிச் சொன்னா சனம் உண்மையிலேயே மாறுதா? எங்கையாவது பார்த்திருக்கிறாங்களா?”

பார்த்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு செக் குடியரசில் நடந்தது. 2022ல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்தது. அந்த நாட்டு வைத்தியர்கள் 9,650 பேரிடம் கொரோனா ஊசியை நம்புகிறீர்களா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 90 வீதமானவர்கள் நம்புவதாகச் சொன்னார்கள். அதே நேரம் பொதுமக்களிடம், “வைத்தியர்களில் எத்தனை வீதம் பேர் நம்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். அதிகமாக வந்த பதில் 50. பத்தில் ஒன்பது பேர் உண்மையான எண்ணைவிடக் குறைவாகவே சொன்னார்கள்.

பிறகு சுமார் 2,100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் உண்மையான எண்ணை ஒரே ஒரு தடவை சொன்னார்கள். பயமுறுத்தலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒன்பது மாதம் தொடர்ந்து விசாரித்தபோது, எண்ணைக் கேட்டவர்களிடையே ஊசி போட்டவர்கள் ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி அதிகம். அந்த வித்தியாசம் கடைசிவரை குறையவில்லை.

இதற்கு முன் 2015ல் அமெரிக்காவில் 206 பேரை வைத்துச் சின்ன அளவில் ஒரு சோதனை நடந்தது. மருத்துவ விஞ்ஞானிகளில் 90 வீதம் பேர் ஊசி பாதுகாப்பானது என்று ஒத்துக்கொள்கிறார்கள் என்ற செய்தியைக் காட்டியதும் பயம் குறைந்தது. ஓட்டிசக் கதையை நம்புவதும் குறைந்தது. சிறிய ஆய்வு என்பதால் அதைத் தனியே தூக்கிப் பிடிக்கமாட்டேன். செக் ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால் திசை ஒன்றுதான்.

“நூறு பேரில நாலு பேர்தானா? இதுக்கா இவ்வளவு பாடு?”

ஒரு வசனம் சொன்னதற்கு நாலு பேர். செலவு எதுவும் இல்லை. ஒரு மாவட்டம் முழுவதற்கும் நாலு வீதம் எத்தனை பேர் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இருந்தாலும் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு: மற்றவர்களின் பிரச்சினை இந்த வசனத்தால் தீரவில்லை. கீழே வரும் கேள்விகளில் பாதி அவர்களைப் பற்றியதுதான்.

“அது வெள்ளைக்கார நாடு. எங்கட ஊருக்குப் பொருந்துமா?”

அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. அந்த ஆய்வு காட்டிய வழி பொருந்தும். அங்கே மனம் மாறியவர்கள் ஏன் மாறினார்கள்? வைத்தியர்கள் பாதிக்குப் பாதி பிரிந்து நிற்கிறார்கள் என்ற தவறான கணக்கு அவர்கள் தலையில் இருந்தது; அது திருத்தப்பட்டது. ஆகவே முதலில் பார்க்கவேண்டியது, உங்கள் முன்னால் இருக்கிறவர் தலையில் அந்தத் தவறான கணக்கு இருக்கிறதா என்பது. அதற்கு ஒரு எளிய கேள்வி இருக்கிறது: “நூறு டொக்டர்மாரில் எத்தனை பேர் தங்கட பிள்ளைக்கு இந்த ஊசியைப் போட்டிருப்பாங்க எண்டு நினைக்கிறீங்க?” அவர் ஐம்பது, அறுபது என்றால் நீங்கள் சொல்லப்போகும் எண் அவருக்குப் புதிய செய்தி. “எல்லாரும் போடுவாங்கதான், ஆனாலும்…” என்று இழுத்தால் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. அந்த ‘ஆனாலும்’ எதைப் பற்றியது என்று கேளுங்கள்.

இன்னொன்று. இலங்கையில் கைக்குழந்தை ஊசிகள் பல ஆண்டுகளாக 95 வீதத்தைத் தாண்டியே போடப்படுகின்றன. கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993ல். சின்னமுத்து ஒழிந்ததாக 2019ல் சான்றிதழ் கிடைத்தது; 2023ல் அது திரும்ப வந்ததையும் பார்த்தோம். ஊசியே வேண்டாம் என்று நிற்கும் தாய் இங்கே அபூர்வம். நான் காணும் தயக்கம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கத் தரம் 6 மாணவிகளுக்குப் போடும் எச்.பி.வி ஊசியிலும், கொரோனா ஊசியிலும்தான் அதிகம். அதோடு, மறுப்பு மாதிரித் தெரிகிற, ஆனால் மறுப்பே இல்லாத ஒரு விஷயமும் உண்டு: வெருகல், புல்மோட்டைப் பக்கம் கிளினிக் நாளில் பஸ் கிடைக்காதவர்கள், கூலி நாள் போய்விடும் என்று வராதவர்கள். அவர்களிடம் நிபுணர் கருத்துப் பற்றி விரிவுரை நடத்துவதைப் போல எரிச்சலான காரியம் வேறில்லை. அவர்களுக்குத் தேவை வேறு நாள், வேறு நேரம்.

“ஒரு பெரிய டொக்டரே வீடியோவில ‘போடாதீங்க’ எண்டு சொல்லுறாரே, அவருக்குத் தெரியாதா?”

உப்புவெளிக் கரையில் பத்து சம்மாட்டிமார் நிற்கிறார்கள். ஒன்பது பேர் இன்றைக்குக் கடல் சரியில்லை, வள்ளம் இறக்காதே என்கிறார்கள். ஒருவர் மட்டும் போகலாம் என்கிறார். அவரும் கடல் தெரிந்தவர்தான். ஆனால் உங்கள் மகன் வள்ளத்தில் இருந்தால் யார் பேச்சைக் கேட்பீர்கள்? வீடியோவில் நாம் காண்பது அந்தப் பத்தாவது ஆளை மட்டும். மற்ற ஒன்பது பேர் வீடியோ போடுவதில்லை. அவர்கள் காலையில் இருந்து ஓ.பி.டியில் நோயாளி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பத்தாவது ஆள் எப்போதும் பிழை என்று நான் சொல்லவில்லை. அவர் சொல்வதை மற்றவர்கள் சோதித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். 1998ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரித்தானிய வைத்தியர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எம்.எம்.ஆர் ஊசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப்போட்டார். மற்றவர்கள் சோதித்தார்கள், அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஊசி நிறுவனங்கள் மீது வழக்குப் போட இருந்த வழக்கறிஞர்களிடம் அவர் பணம் வாங்கியதும் வெளியே வந்தது. அதை வெளியிட்ட ‘லான்செட்’ மருத்துவ சஞ்சிகை 2010ல் அந்தக் கட்டுரையை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு அவருடைய வைத்தியப் பதிவும் பறிபோனது. இன்றைக்கும் வட்ஸ்அப்பில் சுற்றுவது அந்த 12 பிள்ளைகளின் கதைதான்.

“நடிகர் விவேக் ஊசி போட்டு ரெண்டாம் நாள் செத்தாரே?”

தமிழ் பேசும் ஊர்களில் ஆயிரம் ஆய்வைவிட இந்த ஒரு மரணம் பேசியது. 2021 ஏப்ரல் 15ஆம் திகதி சென்னையில் எல்லோரையும் ஊசி போடச் சொல்லி, தானும் போட்டுக்கொண்டார். 17ஆம் திகதி மாரடைப்பால் இறந்தார். இந்திய அரசின் விசாரணைக் குழு அந்த ஆண்டு ஒக்டோபரில், மரணத்துக்கு ஊசி காரணமல்ல, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தவை என்று அறிக்கை கொடுத்தது. இடையில் போன ஆறு மாதத்தில் வதந்தி ஊர் சுற்றி முடித்துவிட்டது.

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் உடனே “டொக்டர்மார் எல்லாரும்…” என்று தொடங்காதீர்கள். அவர் எண்ணிக்கை கேட்கவில்லை. தனக்குப் பிடித்த ஒருவர் செத்ததைச் சொல்கிறார். முதலில் அதைப் பேசுங்கள். பிறகு நடந்ததைச் சொல்லுங்கள்: கோடிக்கணக்கானவர்கள் ஊசி போட்ட அந்த நாட்களில் மாரடைப்பும் வழமைபோல வந்துகொண்டுதான் இருந்தது. ஊசியும் மாரடைப்பும் ஒரே வாரத்தில் விழுந்த மனிதர்கள் எந்த நாட்டிலும் இருப்பார்கள்.

“கொரோனா நேரம் ஜனாஸாவை எரிக்கச் சொன்னதும் நிபுணர்கள்தானே? இப்ப அவங்கட பேச்சைக் கேக்கணுமா?”

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஊசி பற்றிப் பேசப் போகிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராகாமல் போகக்கூடாது. இதைக் கேட்பவர் சாக்குச் சொல்லவில்லை. 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. இருபது நாள் சிசுவைக்கூட விடவில்லை. அடக்கினால் நிலத்தடி நீர் வழியாக நோய் பரவும் என்று அரசாங்கம் சொன்னது. நிபுணர் குழுவின் ஆலோசனை என்றும் சொன்னது. பிறகு அனுமதி வந்தபோதும் ஜனாஸாக்களை மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சொந்த ஊர் மையவாடியில் வாப்பாவை அடக்க முடியாமல் போனவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்பதாக அறிவித்தது.

அந்த நேரம் துறைசார் நிபுணர்கள் உண்மையில் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்று வழிகாட்டியது. உலக நாடுகள் அடக்கிக்கொண்டிருந்தன. இலங்கை மருத்துவ சங்கமும் சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்று 2021 தொடக்கத்தை ஒட்டிப் பகிரங்கமாகச் சொல்லின. ஆகவே அன்றைக்கு நடந்தது நிபுணர்களின் ஒருமித்த கருத்து என்று சொல்ல முடியாது. அரசாங்கம் தெரிந்தெடுத்த ஒரு குழு, உலகம் முழுக்க இருந்த ஒருமித்த கருத்துக்கு எதிராக நின்றது. நிபுணர் கருத்தை முறையாகக் கேட்டிருந்தால் அந்த அநியாயம் நடந்திருக்காது. இதை நீங்கள் வாய்திறந்து சொல்லவேண்டும்.

ஆனால் இதைச் சொன்னதும் அவர் தலையாட்டிக் கையை நீட்டிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். நம்பிக்கை அப்படித் திரும்புவதில்லை. நான் கண்டவரையில், கொழும்பிலிருந்து வந்த சுவரொட்டியைவிட அதே தெருவில் பிறந்து வளர்ந்த ஒரு தாதி சொல்வது எடுபடும். “அரசாங்கம் சொல்லுது” என்ற சொல்லையே அந்த வீட்டில் பாவிக்காதீர்கள்.

“சுகாதார அமைச்சரே பாணி குடிச்சாரே, அமைச்சரே மருந்து மோசடியில உள்ள போனாரே?”

இரண்டும் உண்மை. 2020 கடைசியில் கேகாலைப் பக்கத் தம்மிக்க பண்டார கொரோனாவுக்கு மருந்து என்று சொன்ன பாணியை அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாகக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனா வந்தது. பிறகு சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல, தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு தொடர்பாக 2024 பெப்ரவரியில் கைதானார்.

மேலே ஜனாஸா பற்றிய பதிலில் சொன்ன வேறுபாடுதான் இங்கும். அமைச்சர் நிபுணர் இல்லை. பாணியை எந்த ஒருமித்த கருத்தும் ஏற்கவில்லை. மருந்துக் கொள்வனவில் ஊழல் நடக்குமா என்றால் நடக்கும், பிடிக்கவேண்டும். ஆனால் 2019ல் டென்மார்க்கில் எண்ணிய பிள்ளைகளுக்கும் நம் அமைச்சருக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

“நிபுணர்கள் எல்லாரும் சேந்து பிழை விட்டதே இல்லையா?”

விட்டிருக்கிறார்கள். டெங்கு ஊசியின் கதையைச் சொல்கிறேன். 2017 மார்ச்சில் டெங்கு கிண்ணியாவைப் படுத்திய பாட்டைப் பார்த்தவர்களுக்கு, அப்படி ஓர் ஊசி கிடைக்காதா என்ற ஏக்கம் புரியும். பிலிப்பைன்ஸ் 2016ல் ‘டெங்வாக்ஸியா’ என்ற ஊசியை எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது. நோய் அதிகமுள்ள இடங்களில் பாவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவும் அதே ஆண்டு சொன்னது. 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே, முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு இந்த ஊசிக்குப் பிறகு டெங்கு வந்தால் கடுமையாகும் ஆபத்து உண்டு என்று அறிவித்தது. நாடே கொதித்தது. எல்லா ஊசி மீதும் நம்பிக்கை விழுந்தது. 2019ல் அங்கே சின்னமுத்து பெரிய அளவில் பரவியது.

ஆனால் டெங்கு ஆராய்ச்சியில் மூத்தவரான ஸ்காட் ஹால்ஸ்டெட் போன்றவர்கள் 2016லேயே எச்சரித்திருந்தார்கள். அதாவது குழுவின் சிபாரிசு இருந்தது, துறைக்குள் ஒருமைப்பாடு இருக்கவில்லை. ஆகவே “நிபுணர்கள் சொல்கிறார்கள்” என்று கேட்டால் மூன்று விஷயம் பாருங்கள். இந்த உடன்பாடு எத்தனை ஆண்டுப் பழையது? எத்தனை நாடுகளில் சோதிக்கப்பட்டது? அந்த நோயையே ஆராய்கிறவர்களுக்குள் எதிர்ப்பு இருக்கிறதா? எம்.எம்.ஆர் ஊசி 1971 முதல் பாவனையில் இருக்கிறது. புதிய ஊசிக்கு அந்த வயது வரும்வரை அதே உறுதியோடு பேசக்கூடாது.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி வந்தது. சில சிசு மரணங்கள் அறிவிக்கப்பட்டதும் ஏப்ரலில் நிறுத்தினார்கள். வெளி நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று கண்ட பிறகு 2010ல் மீண்டும் தொடங்கினார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்திப் பார்க்கிற ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். தயங்குகிறவர்களிடம் இதை மறைக்காமல் சொன்னால் நம்பிக்கை கூடுவதைத்தான் கண்டிருக்கிறேன்.

“கோவிஷீல்ட் போட்டா ரத்தம் உறையும் எண்டு கொம்பனியே ஒத்துக்கொண்டதாமே?”

2024 ஏப்ரலில் இது புதுச் செய்தி மாதிரி வந்தது. புதிதல்ல. மிக அரிதாக இரத்தக்கட்டு வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே பக்க விளைவாகப் பதிந்துவிட்டது. 2021 ஜனவரி 29ஆம் திகதி இலங்கையில் கொரோனா ஊசி தொடங்கியது இந்தக் கோவிஷீல்டோடுதான், ஆகவே பயம் வருவது இயல்பு. அந்த இரத்தக்கட்டு ஊசி போட்ட முதல் சில வாரங்களில் வருவது. ஆண்டுகள் கழித்து வரும் என்று நினைத்து இப்போது தூக்கம் கெடத் தேவையில்லை.

‘பாதுகாப்பானது’ என்று நிபுணர்கள் சொல்லும்போது ‘பக்க விளைவே இல்லை’ என்று அவர்கள் சொல்லவில்லை. எந்த ஊசிக்கும் உயிராபத்தான ஒவ்வாமை வரலாம். அது பொதுவாகப் பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில். ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்வது அதற்காகத்தான். இதை முன்பே சொல்லாமல் விட்டு, பிறகு பேஸ்புக்கில் அவரே கண்டுபிடித்தால் நீங்கள் சொன்ன மற்ற எல்லாமும் பொய்யாகிவிடும்.

“சித்த வைத்தியரும் டொக்டர்தானே? அவங்களையும் எண்ணினீங்களா?”

கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கும் ஊர் இது. கேள்வி வராமல் இருக்காது. எந்தக் கேள்விக்கு யார் நிபுணர் என்பதுதான் அளவுகோல். ஊசி பற்றிய ஒருமித்த கருத்து என்றால் தொற்றுநோயியல், நோயெதிர்ப்பு, குழந்தை மருத்துவம் படித்து அதிலேயே வேலை செய்கிறவர்களின் கருத்து. இருதய சத்திரசிகிச்சை நிபுணரையும் நான் இதில் எண்ணமாட்டேன். அதே நேரம், உங்கள் வீட்டார் நம்புகிற சித்த வைத்தியர் “ஊசியைப் போடுங்கோ” என்று சொன்னால் அந்த ஒரு குரல் நூறு குரலுக்குச் சமம். போய்க் கேளுங்கள்.

“ஊசியில பண்டிச் சாமான் இருக்காமே? இதுக்கு டொக்டர் என்ன சொல்லுறது?”

சில ஊசிகளில் மருந்து கெடாமல் இருக்கப் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் பாவிக்கப்படுவது உண்மை. எல்லா ஊசியிலும் இல்லை. இதற்கு டொக்டரின் பதில் பதிலே ஆகாது. கேள்வி மார்க்கம் பற்றியது. இங்கே நிபுணர்கள் உலமாக்கள்.

அவர்கள் பேசாமலும் இருக்கவில்லை. 1995ல் குவைத்தில் கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட இஸ்லாமிய அறிஞர்களும் மருத்துவ அறிஞர்களும், முற்றாக வேறு பொருளாக மாறிவிட்ட ஜெலட்டின் அனுமதிக்கப்பட்டது என்ற நிலைப்பாட்டுக்கு வந்தார்கள். இந்தோனேசிய உலமா சபை 2018ல் வேறு வழியில் போனது: சின்னமுத்து, ருபெல்லா ஊசியில் அந்தச் சேர்மானம் இருப்பது ஹராம்தான், ஆனாலும் மாற்று இல்லாத நிர்ப்பந்தத்தில் பாவிக்கலாம். காரணம் வேறு, முடிவு ஒன்று. உங்கள் பள்ளி மௌலவியிடம் இந்த இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கேள்வியோடு வருகிறவரிடம் “100க்கு 90 டொக்டர்” என்று சொல்லத் தொடங்கினால், நீங்கள் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

“என்ட மகளுக்குப் பதினொரு வயசு. எச்.பி.வி போட்டா பிள்ளைப்பேறு இல்லாமப் போகும் எண்டு சொல்லுறாங்க.”

அப்படி ஆகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இதைப் போடுகிறார்கள். இது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. சுவீடனில் ஏறத்தாழ 16 இலட்சத்து 70 ஆயிரம் பெண்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். 17 வயதுக்கு முன் போட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 88 வீதம் குறைவு. 2020ல் வந்த ஆய்வு. பிள்ளைப்பேற்றைக் கெடுப்பது எது என்று பார்த்தால், அந்தப் புற்றுநோயும் அதற்கான சிகிச்சையும்தான்.

உம்மாமாரோ அம்மாமாரோ வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு கேள்வி இதற்குள் இருக்கும்: “இது உடலுறவால வாற கிருமியாமே, என்ட பிள்ளைக்கு ஏன்?” அதற்குப் பதில், கிருமி வருவதற்கு முன்பே போட்டால்தான் ஊசி முழுதாகப் பலிக்கும். கலியாணம் ஆகி, புருஷன் வழியாக வருவதையும் இது தடுக்கும். இதைப் பெண்கள் மட்டும் இருக்கிற இடத்தில், ஒரு பெண் சொல்வது நல்லது.

“சும்மா 99 வீதம் எண்டு கூட்டிச் சொன்னா என்ன?”

வேண்டாம். செக் நாட்டு 90ஐ இலங்கை டொக்டர்களின் எண்ணாக மாற்றியும் சொல்ல வேண்டாம். எண் எங்கேயிருந்து வந்தது என்று அந்த ஊரின் பெயரோடு சொல்லுங்கள். உங்கள் பொய் ஒன்று பிடிபட்டால் இந்த வழியே அடைபட்டுவிடும்.

“நோய் வந்த பிள்ளையளின்ட படத்தைக் காட்டிப் பயமுறுத்தினா?”

2014ல் அமெரிக்காவில் 1,759 பெற்றோரிடம் இதைச் சோதித்தார்கள். நோயுற்ற பிள்ளைகளின் படத்தைப் பார்த்தவர்களிடம் ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் கூடியது! சாவின் விளிம்புக்குப் போன குழந்தையின் கதையைப் படித்தவர்களிடம் பக்க விளைவுப் பயம் கூடியது. ஓட்டிசக் கதை பொய் என்று விளக்கியதில் அந்தப் பொய்யை நம்புவது குறைந்தது. ஆனால் முதலே ஊசிக்கு எதிராக இருந்தவர்களிடம் போடும் எண்ணமும் சேர்ந்து குறைந்தது. பயத்தோடு இருக்கிறவருக்கு மேலும் பயத்தைக் கொடுத்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

“அப்ப எப்பிடித்தான் பேச்சைத் தொடங்குறது? மாமி கதவைச் சாத்திப்போடுவா.”

தயக்கம் எதுவும் காட்டாதவரிடம் நீங்களே தயக்கத்தைக் கிளப்பாதீர்கள். “நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்பது மாத ஊசி, எத்தனை மணிக்கு வாறீங்க?” என்று கேட்டால் போதும். அமெரிக்காவில் கிளினிக் உரையாடல்களைப் பதிவுசெய்து பார்த்தபோது, “இன்று இந்த ஊசி இருக்கிறது” என்று வைத்தியர் தொடங்கிய இடங்களில் நாலில் ஒரு பெற்றோர்தான் எதிர்த்தார்கள். “ஊசி பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று தொடங்கிய இடங்களில் ஐந்தில் நாலு பேர்.

ஏற்கனவே தயங்குகிற மாமிக்கு இந்த வழி சரிவராது. அவரைப் பேசவிடுங்கள். என்ன கேள்விப்பட்டார், யாரிடம், எப்போது என்று கேளுங்கள். பிறகு, “எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டோ மாமி?” என்று அனுமதி கேட்டுவிட்டு ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரசவ வார்டிலேயே தாய்மாரோடு இந்த மாதிரிப் பேசுவதற்கு ஆட்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஊசி போடும் எண்ணம் கூடியது. மேலே சொன்ன ‘நூறு டொக்டரில் எத்தனை பேர்’ கேள்வியைக் கேட்பதற்கும் இதுதான் இடம். நாலு பேர் முன்னால், கலியாண வீட்டில் கேட்காதீர்கள். மாமி தோற்கச் சம்மதிக்கமாட்டார்.

“எல்லாம் சொல்லியும் இப்ப வேண்டாம் எண்டா?”

விட்டுவிடுங்கள், கதவைத் திறந்து வைத்துவிட்டு. தவறிய ஊசிகளில் பெரும்பாலானவற்றைப் பிந்திப் போடலாம். முதலில் இருந்து எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கவும் தேவையில்லை. பிள்ளையின் கிளினிக் கார்டை எடுத்துக்கொண்டு போனால் எது மிச்சம், எந்த இடைவெளியில் போடுவது என்று மிட்வைஃப் மிஸ் பார்த்துச் சொல்வார். கார்ட் துலைந்திருந்தாலும் போகலாம், கிளினிக்கில் பதிவு இருக்கும். பிந்தி வந்ததற்கு யாராவது முதலில் நாலு வார்த்தை ஏசுவார்கள் என்ற பயத்திலேயே வராமல் இருக்கிறவர்கள் உண்டு. அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால், முதல் நாள் கூடப் போங்கள்.